பூ வைக்கக் கூடாத படம்

நேற்று கடைக்கு ஒருவர் வந்தார். நல்ல ஜலதோஷம், கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு மூக்கருகே பிடித்துக்கொண்டே பேசினார். பிள்ளையார் படத்துக்குச் சட்டம் போட வேண்டுமாம். அவர் அளவு சொல்லச் சொல்ல எனக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. அந்த வாசனைதான் ஏறியது. ஏறி, உள்ளே எங்கோ அடித்து வைத்திருந்த ஓர் ஆணியில் போய் இடித்தது. அந்த ஆணியில் ஒரு படம் தொங்குகிறது. அதைப் பற்றி இதுவரை எழுதாமல்தான் இருந்தேன், எழுதினால் சிரிப்பீர்கள் என்று. சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான்.

பெரிய காஞ்சிபுரத்தில் படச்சட்டம் போடும் கடை வைத்திருப்பவளுக்கு ஆவி, அமானுஷ்யம் என்றெல்லாம் நம்பிக்கை இருந்தால் பிழைப்பு நடக்குமா சொல்லுங்கள். அப்பா விட்டுப்போன கடை. ஒரு சுவரில் சாமிகள், எதிர்ச் சுவரில் செத்துப்போனவர்கள், நடுவில் கல்யாண ஜோடிகள். மத்தியானம் கதவைப் பாதி சாத்திவிட்டு அத்தனை இறந்த முகங்களுக்கும் எதிரே உட்கார்ந்து தனியாகச் சோறு தின்றிருக்கிறேன். ஒருவர்கூட எனக்கொரு உருண்டை கொடு என்று கேட்டதில்லை. போட்டோ என்பது காகிதம், அதற்கு முன்னால் கண்ணாடி, பின்னால் அட்டை, நாலு பக்கமும் ஆணி. இதற்குள் நுழைய எந்த ஆத்மாவுக்கும் இடம் கிடையாது என்று நானே பலபேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் சில மாதங்களுக்கு முன் பாரம்பரிய வாரம் என்று ஒன்று நடத்தினார்கள். சென்னையிலிருந்து காலையில் வேன் பிடித்து வருவார்களே, கோயில் பார்த்து, கோயில் இட்லி தின்று, புடவைக் கடையில் பாதி நாளைத் தொலைத்து, சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்புவார்களே, அவர்களுக்கு நடுவில் பார்க்க ஒரு கண்காட்சி. வீடு வீடாகப் போய், பீரோவிலும் பரணிலும் கிடந்த பழைய ஸ்டூடியோ படங்களைக் கேட்டு வாங்கி, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டுவது என்று ஏற்பாடு. 'ஊர் முகங்கள்' என்று பெயர். இதற்காக ஓடியாடியவர் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர், நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அத்தனை படங்களுக்கும் சட்டம் போட்டவள் நான்.

படம் கேட்டுப் போனபோதுதான் பிள்ளையார்பாளையத்தில் சரசு அக்காவின் வீட்டுப் படியேறினோம். அக்கா தார் சுற்றுகிறவள், அதாவது நெசவுக்குப் போகும் பட்டு நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. பேசும்போதும் கை நிற்காது. அவள் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து, பழைய வேட்டியில் சுற்றிய ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள். கறுப்பு வெள்ளை. இருபது வயதுகூட நிரம்பாத ஓர் ஆள், அகலக் காலர் சட்டை, பின்னால் வரைந்த தோட்டம், உதடு கொஞ்சம் திறந்திருக்கிறது, போட்டோக்காரரிடம் ஏதோ கேட்க வாயெடுத்த நேரத்தில் அமுக்கிவிட்டார் போல.

"பேரு என்னம்மா போடணும் கீழே?" என்று மாஸ்டர் கேட்டார்.

அக்கா வாய் திறக்கவில்லை. வாசல் வழியாகத் தெரிந்த ராஜகோபுரத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஏகாம்பரமா?"

தலையை ஆட்டினாள், வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. அவள் புருஷன்தான், பேரை வாயால் சொல்ல மாட்டாள். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். ஒருநாள் காலை பல் துலக்கி, சட்டை மாட்டிக்கொண்டு, "தோ வந்துட்றன்" என்று வெளியே போனார். வரவில்லை. பையன் அப்போது பால்வாடி போய்க்கொண்டிருந்தான். சண்டையில்லை, சச்சரவில்லை, குடியில்லை. பஸ் ஸ்டாண்டில் அவர் சைக்கிள் மட்டும் ஒழுங்காகப் பூட்டி நின்றது. தேடாத இடமில்லை, கேட்காத ஜோசியரில்லை. இப்போது அந்தப் பையன் குமரனுக்குக் கல்யாண வயது.

"எதுனா பண்ணிக்கோ உமா," என்றாள் அக்கா, படத்தை என் கையில் வைத்துவிட்டு, அதன் ஓரத்தை விடாமல். "பெருசு மட்டும் பண்ணாத, இதையே மாட்டு. பூ வைக்காத. பொட்டு வைக்காத. இருக்கிறவரு."

இருக்கிறவர். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் இத்தனை வருஷமாகக் குடித்து உயிர் வளர்த்திருந்தாள்.

அந்தச் சொல்லுக்குத்தான் அப்போது ஆபத்து வந்திருந்தது. குமரனுக்கு ஆரணியில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அம்மா நல்லவள்தான், ஆனால் எல்லாம் நேராக இருக்க வேண்டும் அவளுக்கு. மேடையில் தாலியைத் தட்டில் வைத்துச் சுமங்கலிகள் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவார்களே, அதை மாப்பிள்ளையின் அம்மா தொடலாமா கூடாதா? "ரெண்டுல ஒண்ணு தெரியணும் பா. ஆளு இருந்தா வந்து உக்காரட்டும். இல்லன்னா செய்ய வேண்டியதைச் செஞ்சி முடிங்க. நடுவுல நின்னுக்கினு இருந்தா எம் பொண்ணு தலையில வந்து விடியும்," என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தெருப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். காணாமல் போய் இவ்வளவு காலம் ஆனவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து, காரியம் செய்துவிடலாம் என்றார்கள். வருகிற அமாவாசைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்றைக்கு அக்கா பொட்டை அழித்துத் தாலியைக் கழற்ற வேண்டும். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தார் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

குமரனிடம் கோபித்துக்கொண்டேன். அவன் என்னையே திருப்பிக் கேட்டான். "எனக்கு மட்டும் ஆசையாக்கா? எங்கப்பா முகமே எனக்கு அந்த போட்டோதான். எத்தினி வருசம் ஒரு போட்டோவுக்காகக் காத்துக்கினு இருக்கிறது, சொல்லு."

இனி கண்காட்சி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முந்தின நாளே எல்லாப் படங்களையும் மாட்டிவிட்டு வந்திருந்தேன். காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் இரண்டு வேன்கள் நிற்கின்றன, உள்ளே கூட்டம், ஏசி உறுமுகிறது, ஒரே சாமந்தி வாசனை. நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கூடம் முழுக்க அத்தனை படங்களுக்கும் மாலை. அத்தனை நெற்றியிலும் கண்ணாடிமேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். வாசலுக்கும் குத்துவிளக்குக்கும் பூ அலங்காரம் செய்யச் சொல்லியிருந்த கஸ்தூரி, விடியற்காலையில் வந்து, சுவரைப் பார்த்து, அவளுக்குத் தெரிந்த மரியாதையைச் செய்துவிட்டிருந்தாள்.

"இன்னா மா இப்படி மொறைக்கிற," என்றாள் என்னிடம். "கறுப்பு வெள்ளப் படம், பிரேமு போட்டு மாட்டி வச்சிருக்குது. பூ வைக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? மிச்சப் பூவக்கூட நான் கேக்கல, எல்லாத்தையும் போட்டுட்டன்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் பழைய படம் சுவருக்கு ஏறினால் மாலை தானாக வந்துவிடும். இன்னொரு பக்கம் மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார், எதிரே ஒரு ரிட்டையர்டு கண்டக்டர், தன் வாலிபப் படத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அழைத்து வந்தவர், தன் நெற்றியில் வைத்த பொட்டைத் தானே பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார்.

"யோவ், போன எலக்ஷன்ல ஓட்டு போட்ட ஆளுயா நான்! அதுக்குள்ள மாலையா?"

"இருக்கட்டும் வுடுங்க," என்றாள் அவர் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல். "எப்பனா ஒருநாள் போடப்போறதுதானே, இன்னிக்கு அழகா இருக்கீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஏகாம்பரத்தின் படம் கூடத்தின் கடைசிச் சுவரில் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் அவர்கள் அங்கே நின்றிருந்தார்கள்.

முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணியிலிருந்து சம்பந்தியம்மா வந்திருக்கிறாள். கடைக்குப் போகும் வழியில், அப்பா படம் கண்காட்சியில் மாட்டியிருக்கிறார்கள் வாங்க பார்க்கலாம் என்று குமரன் பெருமையாக அழைத்து வந்திருக்கிறான். கூடவே சரசு அக்கா. மூன்று பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கஸ்தூரி அதற்கும் தடித்த மாலையாகவே போட்டிருந்தாள், முகவாயை மூடி உதடுவரை வந்திருந்தது.

சம்பந்தியம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள், குத்தலாகக்கூட இல்லை. "நல்லதாப் போச்சி. நாலு பேரு பாக்குற இடத்துல நீங்களே பூ வச்சிட்டீங்க. இதுக்கு மேல யாரும் யாரையும் கேக்க வேணாம்."

அக்காவின் கை மெதுவாக எழுந்து அவள் நெற்றிக்குப் போனது. பொட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உமா. இன்னா மா இது."

நான் ஏதேதோ சொன்னேன். பூக்காரி, தெரியாமல், எல்லாப் படத்துக்கும். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. குமரன் அம்மாவின் தோளைத் தொட்டான். "வுடுமா. ஆனது ஆயிடிச்சி. சாமியாப் பாத்துச் செஞ்சதா வச்சிக்குவோம்." அந்தக் கணத்தில் அவனும் அப்பாவை அடக்கம் செய்துவிட்டான் என்று எனக்குப் புரிந்தது.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். மாலையைக் கழற்றிக் கீழே வீசினேன். ஈரத் துணியால் பொட்டைத் துடைத்தேன், சந்தனம் வழுக்கிப் போனது, கண்ணாடி பளிச்சென்று ஆனது. இறங்கப் போனபோது உதட்டுக்கு நேரே ஒரு மங்கல். கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெண்மை. துணியின் ஈரம் என்று நினைத்து உலர்ந்த முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. விரலால் தேய்த்தேன். போகவில்லை. கண்ணாடியின் உட்பக்கம் இருந்தது அது.

பிறகு அதுவே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

நான் சட்டம் போடுகிறவள். கண்ணாடிக்குள் ஈரம் கட்டுவதை நான் பார்த்ததில்லையா? மழைக்காலத்தில் கட்டும், ஈரச் சுவரில் மாட்டினால் கட்டும், ஏசியில் கட்டும். அது ஓரத்திலிருந்து தொடங்கும், படம் முழுக்கப் பரவும், கட்டினால் நாள்கணக்கில் நிற்கும். இப்படி ஒரே இடத்தில், வாய்க்கு நேரே, வருவதும் போவதுமாக, வந்து மறைந்து வந்து மறைந்து... அதை நான் பார்த்ததில்லை. பின்பக்கம் அட்டை அடித்துக் காகித டேப் ஒட்டி மூடியது என் கை.

இறங்கினேன் என்று சொல்கிறேன், எப்படி இறங்கினேன் என்று தெரியாது. எனக்குப் பின்னால் வேனில் வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். "பாத்தியாடி, உள்ள ஏதோ செட் பண்ணியிருக்காங்க, மூச்சு வுடற மாதிரி. சூப்பரா இருக்குல்ல?" என்று ஒருத்தி செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள். இன்னொருத்தி கைதட்டினாள். நம்பினால் நம்புங்கள், அந்த வீடியோவில் அது தெளிவாகத் தெரிகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்த எல்லோரும் ஏதோ ஏற்பாடு என்றுதான் சொல்கிறார்கள்.

சரசு அக்கா கைதட்டவில்லை, அழவும் இல்லை. படத்துக்கு அருகே போய், நெசவு பார்க்கிறவர்கள் புடவையில் இழை பிசகியிருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படித் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. மெல்ல அவள் மூச்சும் அந்த மங்கலோடு சேர்ந்து போகத் தொடங்கியது. சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று.

"இழுப்பு," என்றாள்.

"இன்னாக்கா?"

"அவருக்கு இழுப்பு இருந்துச்சி உமா. சாயப்பட்டறைப் புகை. இப்படித்தான் வுடுவாரு, ரெண்டு குட்டி, ஒரு நெட்டு. ராவெல்லாம் பக்கத்துல படுத்துக்கினு கேட்டவ நான், எனக்குத் தெரியாதா." பிறகு திரும்பாமலே, "டேய், கிட்ட வா," என்றாள்.

குமரன் வந்தான். கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன், எதையும் கிட்டே போய்ப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டான். ஸ்டூலில் ஏறி மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தான். குனிந்ததும் அவன் மூச்சு பட்டு வெளிப்பக்கமும் பனித்தது. அதை எப்படிச் சொல்வது உங்களுக்கு? ஒரே கண்ணாடி. இந்தப் பக்கம் பையனின் மூச்சு, அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு. இரண்டு சின்ன மேகங்கள், நடுவில் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அவன் மூச்சை அடக்கினான். அவனுடையது மறைந்தது. உள்ளே இருந்தது மறையவில்லை, சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. அவன் ரொம்ப நேரம் அப்படியே நின்றான், இறங்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. பால்வாடி வயதில் விடப்பட்டவன், இப்போதுதான் முதல்முறையாக அப்பாவுக்கு முகத்துக்கு முகம் நிற்கிறான்.

மாஸ்டர் வந்தார். நியாயமான மனுஷன், எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் அவருக்கு. ஏசியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள், கூட்டம் வியர்த்து வழிந்தது, கண்டக்டர் தன் மாலையையே கழற்றி விசிறிக்கொண்டார், கண்ணாடியில் மாற்றமில்லை. "அட்டையில ஈரம் இருக்கும்மா, பிரிச்சிப் பாத்துடலாம்," என்றார். மேஜையில் கவிழ்த்து வைத்து, டேப்பைக் கிழித்து, ஆணியைப் பிடுங்கி, அட்டையைத் தூக்கினேன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நீலகிரித் தைலம். லேசாக இல்லை, நெஞ்சில் தடவிக்கொண்டு யாரோ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி. மாஸ்டருக்கு வந்தது, குமரனுக்கு வந்தது, சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சியதை நான் பார்த்தேன். அட்டை காய்ந்து மொறுமொறு என்றிருந்தது. படத்தைத் தொட்டேன், அதுவும் காய்ந்திருந்தது. பீரோவில் தைலம் பட்டிருக்கும் என்பீர்கள். மாஸ்டரும் அதைத்தான் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து என் மேஜையில் வைத்திருந்தபோது அது பழைய துணி வாசனைதான் அடித்தது. என் மூக்கு வார்னிஷில் பழகிய மூக்கு, வேறு வாசனையை விடாது.

மாஸ்டர் சொன்னபடி மறுபடி மூடினேன். நிமிர்த்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மாஸ்டர், "பாத்தீங்களா," என்று வாயெடுத்தார். மங்கல் வந்தது. இந்த முறை வேகமாக. ரெண்டு குட்டி ஒரு நெட்டு, ரெண்டு குட்டி ஒரு நெட்டு, விடாமல்.

"நடக்குறாரு," என்றாள் அக்கா. அவ்வளவு சாதாரணமாக. "மேடு ஏறும்போது இப்படித்தான் வாங்கும். எங்கியோ மேட்டுல ஏறிக்கினு இருக்கிறாரு."

சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் அக்காவின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள், சன்னிதியில் நிற்கிறவர்கள் செய்வது போல.

"எனக்கு ஏசி கீசியெல்லாம் தெரியாது," என்றாள். "மூச்சு வுடறவருக்குக் காரியம் பண்ணச் சொன்ன பாவம் எனக்கு வேணாம் பா. குமரா, அமாவாசைக்குச் சொல்லி வச்ச ஐயருக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லு." அப்புறம் அக்காவின் கையைப் பிடித்தாள். "வாங்க சம்பந்தி. முகூர்த்தப் புடவைய நீங்கதான் பாத்து எடுக்கணும். எனக்குப் பட்டு பத்தி இன்னா தெரியும்."

குமரன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். போகும்போது தரையில் கிடந்த மாலையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அக்கா அரக்குப் புடவையில், பெரிய பொட்டோடு நின்றாள், தாலித் தட்டை முதலில் தொட்டவள் அவள்தான். மேடையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை, யாரும் அதை எடுக்கச் சொல்லவும் இல்லை. ஏகாம்பரம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மருமகளும் குமரனும் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு மலையூருக்குப் பஸ் ஏறுகிறார்கள், தேனிலவு இன்னும் முடியவில்லையா என்று தெருவில் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். அவர்கள் படத்தின் நகலை வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் கடையில் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். அதே மாதிரிச் சட்டம், ஈர அட்டை, ஐஸ் கட்டி, வெந்நீர் ஆவி. பனி கட்டுகிறது, ஆனால் ஓரத்தில்தான் கட்டுகிறது, முழுக்கப் பரவுகிறது. வாய்க்கு நேரே வந்து போக அதற்குத் தெரியவில்லை. மாஸ்டர் இன்னும் ஈரம் என்றே சொல்கிறார், சொல்லும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் போகட்டும். என்னை இன்னும் உறுத்துவது வேறு ஒன்று. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அத்தனை படங்களுக்கும் மாலை போட்டிருந்தது, எல்லா மாலையும் உதட்டை மறைத்துத்தான் தொங்கியது. நான் அவசரமாக ஓடிக் கழற்றியது ஒன்றைத்தான். மற்றவற்றை நான் தூக்கிப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் கஸ்தூரி வந்து வாடிய பூவையெல்லாம் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு படத்தின் முன் நின்று, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், நின்றாள், மறுபடி துடைத்தாள். "இன்னாடி?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மா, பூத்தண்ணி," என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். அது யார் படம் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் யாராவது மாலை போட்ட படத்தைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தால், முதலில் பூவை எடுத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்கிறேன். வந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

கண்காட்சி முடிந்த அன்று சரசு அக்கா தன் படத்தை வாங்கிப் போக வந்தாள். நான் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, வாசலில் நின்ற ஆட்டோ வரைக்கும் தூக்கிப்போய்க் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் வண்டியை உறுமவிட்டார். அவள் சட்டென்று அவரை நிறுத்தச் சொல்லி, நான் கட்டிய சணலை அவிழ்த்து, தாளைப் பிரித்து, படத்தை என்னிடமே நீட்டினாள். எதற்கு என்று கேட்டேன்.

"இந்தக் கண்ணாடிய மட்டும் எடுத்துடு உமா. அவ்ளோ தூரம் நடந்து வர்றவரு, மூச்சு முட்டும்."